உராயாசு நிரப்பு நிலம்: ஒருமுறை கூழான மண் மறுமுறை கூழாகாதா?

கேள்வி: நிஷிகசாய்வாசி

அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் ஒன்பது ஆண்டுகளாக வாடகை வீட்டில் வசித்து வருகிறோம். சொந்த வீடு தேடத் தொடங்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிபா மாநிலத்தின் உராயாசு நகரில் இரண்டு தளங்கள் கொண்ட பழைய மர வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வீடு 1983இல் கட்டப்பட்டது. கடலை நிரப்பி உருவாக்கிய பகுதியில் இருக்கிறது. மகளின் பள்ளிக்கும் என் அலுவலகத்துக்கும் போய்வர வசதியான இடம். விலையும் எங்கள் கைக்கு எட்டுவதாக இருக்கிறது.

தரகர் ஒரு செய்தியை மறைக்காமல் சொன்னார். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது அந்தத் தெரு முழுவதும் மண் கூழாகிப் பொங்கியதாம். வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்ததாம். பின்னர் ஜாக்கி வைத்துத் தூக்கி நேராக்கினார்களாம். ஆனால், "ஒருமுறை குலுங்கி நீர் வெளியேறிவிட்டதால் மண் இறுகிவிட்டது, இனி அஞ்ச வேண்டியதில்லை" என்று அவர் உறுதியாகக் கூறினார்.

ஊரில் இருக்கும் என் தந்தையாரிடம் இதைச் சொன்னபோது அவரும் ஏறத்தாழ அதே கருத்தைத்தான் தெரிவித்தார். எங்கள் பக்கத்தில் பள்ளமான மனையை மண்ணடித்து உயர்த்தினால், ஒன்றிரண்டு மழைக்காலம் விட்டு, மண் அமர்ந்த பிறகே கடைக்கால் தோண்டுவார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலான நிரப்பு மண், அதுவும் இவ்வளவு பெரிய குலுக்கலைப் பார்த்த மண், இந்நேரம் நன்றாக அமர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

தரகர் சொல்வது உண்மையா? 2011இல் நடந்தது 9.0 அளவுள்ள மிகப் பெரிய நிலநடுக்கம் என்பதால் மட்டும் நேர்ந்த சேதமா, அல்லது சிறிய நிலநடுக்கத்திலும் அதே நிலம் அப்படியே ஆகுமா? வாங்குவதற்கு முன் யாரிடம் என்ன கேட்க வேண்டும்? எங்கள் வாழ்நாள் சேமிப்பு இது என்பதால், துறை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: மண்ணாய்வாளர்

வணக்கம். கட்டடங்களுக்கு முன் மண்ணைத் துளையிட்டு ஆராயும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தரகர் சொன்னது தவறு. அவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆயினும் அந்த நம்பிக்கையை வைத்து வீடு வாங்கக் கூடாது.

தங்கள் தந்தையார் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். ஏனெனில் அது அனுபவம் சார்ந்த, மதிக்கத்தக்க கணக்கு. மழை பெய்து மண் அமர்வது கட்டடத்தின் எடையைத் தாங்குவதற்குப் போதுமானதாக இருக்கலாம். நிலநடுக்கம் கேட்பது வேறொன்று. படியில் அரிசி அளப்பதை நினைத்துப் பாருங்கள். அரிசியைக் கொட்டி உள்ளங்கையால் எவ்வளவு அழுத்தினாலும் அது பெரிதாக இறங்காது; படியின் பக்கத்தை நாலு தட்டுத் தட்டினால் உடனே இறங்கி, இன்னும் ஒரு பிடி கொள்ளும். மணலும் அதே இயல்புடையது. நாற்பது ஆண்டு எடை அழுத்தியும் இறங்காத தளர்ந்த மணல், நாற்பது விநாடிக் குலுக்கலில் இறங்க முயலும்.

இப்போது அந்தப் படியில் அரிசிக்கிடையே நீர் நிறைந்திருப்பதாகக் கொள்ளுங்கள். மணிகள் நெருங்கி அமர வேண்டுமென்றால் இடையிலுள்ள நீர் வெளியேற வேண்டும். குலுக்கல் வேகமாக நடக்கும்போது அந்த நீருக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. எனவே மணிகள் ஒன்றன்மேல் ஒன்று சுமந்திருந்த எடையை நீர் ஏற்கத் தொடங்கி, அதன் அழுத்தம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் மேலேயுள்ள மண்ணின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அந்தக் கணத்தில் மணிகளுக்கிடையே தொடுகை அற்று, மண் கூழாகிறது. ஜப்பானியர் இதை எகிஜோகா என்பார்கள். கூழைவிடக் கனமான வீடு அதில் இறங்கும். கூழைவிட இலேசான மேன்ஹோல், வெற்றுத் தொட்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியவை மேலே மிதந்து வரும். அழுத்தம் தாங்காத நீர், கிடைத்த விரிசல் வழியே மணலை அள்ளிக்கொண்டு பொங்கும்.

ஆகவே இது நடக்க மூன்று நிலைமைகள் ஒன்றுகூட வேண்டும்: மண் தளர்ந்த மணலாகவோ, பிசுபிசுப்பில்லாத நுண்மணலாகவோ இருக்க வேண்டும், நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்க வேண்டும், குலுக்கல் போதிய வலிமையோடு போதிய நேரம் நீடிக்க வேண்டும். உராயாசுவின் நிரப்பு நிலத்தில் முதல் இரண்டும் எப்போதும் இருக்கின்றன. அந்த நகரம் முன்பு 4.43 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மீனவர் ஊர். சிப்பியும் கடற்பாசியும் எடுத்து வாழ்ந்த மக்கள். 1960களின் நடுவிலிருந்து 1980 வரை கடலை நிரப்பி, பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக்கப்பட்டது. நிரப்பிய மண், அருகிலிருந்த கடலடியிலிருந்து தூர்வாரி நீரோடு கலந்து குழாய் வழியே பாய்ச்சிய வண்டல் கலந்த மணல். நீருக்குள் மெல்லப் படிந்த மணல் மிகத் தளர்ச்சியான அடுக்கைத்தான் உண்டாக்கும். அதன்மேல் மலை மண்ணை ஒன்றிரண்டு மீட்டர் பரப்பித் தெருக்கள் போட்டார்கள்.

2011இல் நிலநடுக்க மையத்திலிருந்து உராயாசு 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அங்கே பதிவான அதிகபட்ச முடுக்கம் (குலுக்கலின் வலிமையைக் காட்டும் அளவு) புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்கு அளவே. வீடுகளை இடித்துத் தள்ளும் குலுக்கல் அன்று. ஆனால் அது நிமிடக்கணக்கில் நீடித்தது. சுமார் அரை மணி நேரத்தில் இபராகி கடற்கரைக்கு அப்பால் பெரிய பின்னதிர்வும் வந்தது. நகரப் பரப்பில் எண்பத்தைந்து விழுக்காட்டுக்கும் மேல் மண் கூழான தடயம் காணப்பட்டது. ஏறத்தாழ 8,700 வீடுகள் சேதமுற்றன. கூழான எல்லையை வரைபடத்தில் வரைந்தபோது அது பெரும்பாலும் பழைய கடற்கரைக் கோட்டின்மேலேயே விழுந்தது. மோத்தோமாச்சி எனப்படும் பழைய ஊரின் இயற்கை நிலம் கூழாகவில்லை. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை: ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த கரையை மண் மறக்கவில்லை.

இனி தங்கள் முதன்மைக் கேள்வி. கூழான மண்ணிலிருந்து நீர் வெளியேறியதும் மணிகள் சற்று நெருங்கத்தான் செய்கின்றன. நிலம் சில பத்து சென்டிமீட்டர் தாழ்வது அதனால்தான். ஆனால் பல மீட்டர் தடிமனான அடுக்கில் அது சில விழுக்காட்டு மாற்றமே. மேலும், நீர் கீழிருந்து மேலே ஏறி வெளியேறுவதால் அடியிலுள்ள மணல் முதலில் படிந்துவிட, மேலடுக்கு கடைசிவரை நீரில் மிதந்து, மீண்டும் தளர்ச்சியாகவே படிகிறது; சில இடங்களில் முன்பைவிடத் தளர்ந்தும் போகிறது. இதற்கும் மேலாக, மணிகள் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பொருந்தி, மெல்லிய பிணைப்புப் பெற்று ஈட்டிய வலிமையை ஒரு பெருங்குலுக்கல் அழித்துவிடுகிறது. வயது முதிர்ந்த மணல் அன்றோடு புது மணலாகிவிடுகிறது என்று சொல்லலாம்.

நடைமுறைச் சான்றும் உண்டு. உராயாசுவிலேயே 1987 டிசம்பர் 17ஆம் நாள் வந்த 6.7 அளவு நிலநடுக்கத்தில் சில இடங்கள் கூழாயின. 2011இல் மீண்டும் கூழாயின. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் 2010 செப்டம்பர், 2011 பிப்ரவரி, 2011 ஜூன் என ஓராண்டுக்குள் ஒரே தெருக்கள் திரும்பத் திரும்பக் கூழாகி, மக்கள் ஒவ்வொரு முறையும் மணலை வாரிக் கொட்டினார்கள். இறுதியில் அரசு ஏறத்தாழ 8,000 வீடுகளைக் குடியிருக்கத் தகாத பகுதியில் சேர்த்தது. ஒருமுறை கூழாகி நிலம் இறுகிவிடும் என்பது உண்மையானால் அந்த மக்கள் இன்றும் அங்கேயே இருந்திருப்பார்கள்.

சிறிய நிலநடுக்கத்தில் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். 9.0 தேவையில்லை, அருகில் வரும் 7 அளவு நிலநடுக்கம் குறுகிய நேரமே குலுக்கினாலும் முடுக்கம் 2011ஐவிட மிகக் கூடுதலாக இருக்கக்கூடும். டோக்கியோவைச் சூழ்ந்த தெற்குக் கான்தோ பகுதியில் அத்தகைய நிலநடுக்கம் முப்பது ஆண்டுகளுக்குள் நிகழ எழுபது விழுக்காடு வாய்ப்பு என்பது ஜப்பான் அரசுக் குழுவின் மதிப்பீடு.

தரகரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 2011க்குப் பிறகு வீட்டுக்கு என்ன செய்தார்கள் என்பதையன்றி, மண்ணுக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கியது வீட்டுக்குச் செய்த வேலை.

மறுமொழி: பத்தாம்மாடி

மண்ணாய்வாளர் ஐயா எழுதியதை நான் கண்ணால் கண்டவன். 2011இல் ஷின்-உராயாசு நிலையத்துக்கு அருகே அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்தாவது தளத்தில் இருந்தோம். பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்குத் தொடங்கிய குலுக்கல் நின்ற பிறகு பால்கனியிலிருந்து பார்த்தபோது, வண்டி நிறுத்துமிடத்தின் விளிம்பில் சாம்பல் நிற நீர் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றேகால் மணிக்கு மறுபடியும் பெரிதாகக் குலுங்கியபோது, நின்றிருந்த ஊற்றுகள் மீண்டும் எழுந்தன. மாலைக்குள் வண்டிகளின் சக்கரம் பாதிவரை மணலில் புதைந்திருந்தது. அரை மணி நேர இடைவெளியில் அதே இடம் இரண்டாம் முறை பொங்கியதைப் பார்த்தவன் என்பதால், "ஒருமுறை பொங்கினால் இறுகிவிடும்" என்பதை என்னால் ஏற்க இயலாது.

எங்கள் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆழமான பைல்களின்மேல், அதாவது நிலத்துக்குள் இறக்கிய அடித்தளத் தூண்களின்மேல் நின்றதால் அது இருந்த இடத்திலேயே இருந்தது; சுற்றியிருந்த நிலம்தான் இறங்கியது. நுழைவாயிலின் கடைசிப் படிக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு வெற்றிடம் உண்டாகி, அதன் வழியே அறுந்த குழாய்கள் தெரிந்தன. கட்டடம் நின்றும் என்ன பயன்? குடிநீர் வரவில்லை, அதைவிடக் கொடுமை, கழிவுநீர்க் குழாய்களில் மணல் அடைத்துக்கொண்டதால் பல வாரங்கள் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்திருந்தார்கள். அப்போது என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. பத்து மாடி இறங்கி, பள்ளி மைதானத்தில் வைத்திருந்த தற்காலிகக் கழிப்பறைக்குப் போய்வர வேண்டியிருந்தது. வெயில் வந்ததும் மணல் காய்ந்து மாவாகிப் பறந்ததால் ஜன்னலைத் திறக்கவும் முடியவில்லை. இரண்டாம் வாரம் நாங்கள் ஓசாகாவிலுள்ள நண்பர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

மர வீட்டில் இருந்த அண்டை வீட்டார் பட்ட துன்பம் வேறு வகையானது. அவர்கள் வீடு உடையவில்லை, ஓடுகூடச் சரியவில்லை, சாய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் சாய்ந்த வீட்டில் இரவு படுத்தால் தலை சுற்றும், குமட்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வீடு நன்றாகவே தெரிந்தது. தொடக்கத்தில் இத்தகைய வீடுகள் அரசின் சேத மதிப்பீட்டில் சரியாகச் சேரவே இல்லை. மே மாதத்தில்தான் விதியைத் திருத்தி, சுவர் தன் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு சாய்ந்தால் பாதிச் சேதம், அறுபதில் ஒரு பங்கு சாய்ந்தால் பெருமளவு பாதிச் சேதம், இருபதில் ஒரு பங்கு சாய்ந்தால் முழுச் சேதம் என்று வகுத்தார்கள்.

நேரம் கிடைக்கும்போது தகாசு மத்திய பூங்காவுக்கு மகளை அழைத்துச் சென்று பாருங்கள். நிலத்துக்குள்ளிருந்து மேலெழுந்த மேன்ஹோல் ஒன்றை எழுந்த நிலையிலேயே நினைவாக வைத்திருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், அந்தப் பகுதியில் வாங்குவதாயின் தனி வீட்டைவிட ஆழமான பைல் போட்ட அடுக்குமாடியே நல்லது.

மறுமொழி: துறைமேடை

துறைமுகக் கட்டுமானத்தில் பணியாற்றுகிறேன். இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, மண்ணை முன்கூட்டியே இறுக்கினால் பயன் உண்டா என்பது. உண்டு; அதற்குக் கோபே நகரமே சான்று. 1995 ஜனவரி 17 அதிகாலை 5 மணி 46 நிமிடத்துக்கு வந்த நிலநடுக்கத்தில், கடலுக்குள் கட்டப்பட்ட போர்ட் தீவும் ரொக்கோ தீவும் பெரும்பகுதி கூழாயின. அவற்றை நிரப்பியது தூர்வாரிய வண்டல் அன்று. ரொக்கோ மலையை வெட்டிக் கொண்டுவந்த, சரளை கலந்த சிதைந்த கருங்கல் மண். சரளை கலந்த மண் கூழாகாது என்று அதுவரை பலரும் நினைத்திருந்ததை அந்த இருபது விநாடிக் குலுக்கல் பொய்யாக்கியது. போர்ட் தீவில் நிலத்துக்குள் வெவ்வேறு ஆழங்களில் அதிர்வுமானிகள் வைத்திருந்தார்கள். வழக்கமாகக் குலுக்கல் ஆழத்திலிருந்து மேலே வர வரப் பெருகும்; அன்று கிடைக்குலுக்கல் 83 மீட்டர் ஆழத்தில் இருந்ததைவிடத் தரைமட்டத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. இடையிலிருந்த மண் கூழாகிவிட்டதால் அதிர்வை மேலே கடத்த அதற்கு வலுவில்லை. அதே தீவில், ஒன்றும் செய்யாத இடங்கள் 30 முதல் 50 சென்டிமீட்டர் தாழ, அதிர்வுக்கோல் கொண்டோ மணல் தூண் செலுத்தியோ இறுக்கிய இடங்கள் மிகச் சிறிதே தாழ்ந்தன. உராயாசுவிலும் இதே வேறுபாடு தெரிந்தது. டோக்கியோ டிஸ்னிலேண்டின் உட்பகுதியில் கட்டும்போதே மண்ணை இறுக்கியிருந்தார்கள். அங்கே பெரிய சேதம் இல்லை. அதன் வண்டி நிறுத்துமிடத்தில் மணல் பொங்கியது. ஒரே கடல், ஒரே நிரப்பு மண்.

இரண்டாவது, அந்த வீட்டுக்கும் கடற்சுவருக்கும் அல்லது ஆற்றங்கரைக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பது. கூழான மண் செங்குத்தாக மட்டும் இறங்குவதில்லை. தாழ்ந்த பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் நகரும். கோபேயில் பெரிய கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக அமர்த்திக் கட்டிய துறைமேடைகள் கடற்பக்கம் 5 மீட்டர் வரை நகர்ந்தன, ஒன்றிரண்டு மீட்டர் தாழ்ந்தன. பெட்டிகளுக்குக் கீழிருந்த மென்களிமண்ணை அகற்றி, அதற்குப் பதிலாக அதே மலை மண்ணைப் போட்டிருந்தார்கள், அதுவும் இளகிவிட்டது. சுவர் நகர்ந்ததும் பின்னாலிருந்த நிலம் நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே வரை கரைக்கு இணையாகப் பிளந்தது. மாயா துறையில் நிலநடுக்கத்தை எண்ணிக் கூடுதல் வலிமையோடு கட்டியிருந்த மேடைகள் மட்டும் சிறு சேதத்தோடு நின்று, பின்னர் நிவாரணக் கப்பல்களுக்குப் பயன்பட்டன. ஆகவே கரையிலிருந்து இருநூறு மீட்டருக்குள் வீடு இருந்தால் நான் இன்னும் கூடுதலாகத் தயங்குவேன்.

பத்தாம்மாடி அவர்கள் பைல் பற்றிச் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். பைல் இருந்தால் மட்டும் போதாது. அது கூழாகும் அடுக்கைத் தாண்டி உறுதியான தளத்தில் ஊன்றியிருக்க வேண்டும், பக்கவாட்டு நகர்வையும் தாங்க வேண்டும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் காண்ட்லா துறைமுகத்தின் சுங்க அலுவலகக் கோபுரம் 32 பைல்கள்மேல் நின்றும் சாய்ந்தது; 18 மீட்டர் நீளமுள்ள அந்தப் பைல்கள், மேலிருந்த களிமண்ணைக் கடந்து, கூழாகக்கூடிய மணலுக்குள்ளேயே முடிந்திருந்தன. ஜப்பானின் நீகாத்தாவில் 1964 ஜூன் 16 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற ஒரு கட்டடத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு, அடியைத் தோண்டிப் பார்த்தபோதுதான் பைல்கள் முறிந்திருந்தது தெரிந்தது. அத்தனை ஆண்டுகளும் உள்ளே மக்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

கேட்டவர்: நிஷிகசாய்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அரிசிப் படி எடுத்துக்காட்டைத் தந்தையாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் வீட்டைப் பார்க்காதே, மண்ணைப் பார்" என்றார்.

தரகரிடம் மண்ணாய்வு அறிக்கை கேட்டேன். 2011க்குப் பிறகு நேராக்கும் வேலைக்காக நிலத்தைத் துளையிட்டு எடுத்த போரிங் அறிக்கை ஒன்று கிடைத்தது. நீர்மட்டம் 1.1 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. முதல் 1.5 மீட்டர் மலை மண். அதன் கீழ் 8 மீட்டர் வரை சாம்பல் நிற வண்டல் மணல், என்-மதிப்பு 2 முதல் 7 வரை. பிறகு 13 மீட்டர் வரை சற்று உறுதியான மணல். அதன் கீழ் மென்களிமண் நெடுந்தூரம் போகிறது. மண்ணுக்கு எதுவும் செய்யவில்லை என்பதைத் தரகரே ஒப்புக்கொண்டார். கடற்சுவர் சுமார் 900 மீட்டர் தொலைவில் இருக்கிறது.

இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும்? இப்போது மண்ணைச் சரிசெய்ய வழி உண்டா? காப்பீடு எடுத்தால் போதுமா?

மறுமொழி: மண்ணாய்வாளர்

அறிக்கையைக் கேட்டு வாங்கியது நல்ல செயல். 2020 முதல் வீட்டுத் தரகர்கள் வெள்ள அபாய வரைபடத்தைக் காட்டி விளக்குவது ஜப்பானில் கட்டாயம். மண் கூழாகும் அபாயத்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. நாமாகக் கேட்டால்தான் உண்டு.

என்-மதிப்பு என்பது 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் ஒன்றை 30 சென்டிமீட்டர் இறக்க எத்தனை அடி தேவைப்பட்டது என்ற எண். நீருக்குக் கீழேயுள்ள மணலில் 2 முதல் 7 என்பது மிகத் தளர்ச்சி. இதில் தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: இந்த எண்கள் 2011க்குப் பிறகு எடுக்கப்பட்டவை. தரகர் சொன்னபடி மண் இறுகியிருந்தால் அது இந்த எண்களில் தெரிந்திருக்க வேண்டும். அவர் கையிலிருந்த அறிக்கையே அவர் சொன்னதை மறுக்கிறது.

அடுத்து, நீர்மட்டம். நீருக்கு மேலேயுள்ள மண் கூழாகாது. அது ஒரு மூடிபோல வீட்டைத் தாங்குகிறது. அந்த மூடியின் தடிமனுக்கும் மேற்பரப்புச் சேதத்துக்கும் உள்ள தொடர்பைப் பேராசிரியர் கென்ஜி இஷிஹாரா 1985இல் தொகுத்துக் காட்டினார். புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவு குலுக்கலில், மூடி ஏறத்தாழ 3 மீட்டர் இருந்தால், கீழே எவ்வளவு தடிமன் கூழானாலும் மேலே பெரிய சேதம் தெரிவதில்லை என்பது அதன் சாரம். தங்களுடையது 1.1 மீட்டர். கடற்சுவர் தொலைவில் இருப்பது நல்ல செய்தி. பக்கவாட்டு நகர்வைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். இறங்குவதும் சாய்வதுமே இங்குள்ள அபாயம்.

சரிசெய்யும் வழிகளைப் பொறுத்தவரை, காலி மனையாக இருந்தால் வேலை எளிது. மணல் தூண்களைச் செலுத்தி இறுக்கலாம், சிமெண்ட் கலந்த மண்தூண்களை நெருக்கமாக அமைக்கலாம். வீடு நிற்கும்போது இவற்றில் பெரும்பாலானவை இயலா. 2011க்குப் பிறகு உராயாசு நகராட்சி, மனை எல்லைகளை ஒட்டி நிலத்துக்குள் சிமெண்ட் மண் சுவர்களைக் கட்டம் கட்டமாக எழுப்பி, ஒவ்வொரு வீட்டின் அடி மண்ணையும் ஒரு பெட்டிக்குள் அடைத்ததுபோல் ஆக்கும் திட்டத்தை முன்வைத்தது. கருத்தளவில் அருமையான திட்டம். மண் நெளிய இடமில்லையென்றால் நீரழுத்தமும் அவ்வளவாக ஏறாது. ஆனால் ஒரு தொகுதியிலுள்ள வீட்டாரின் ஒப்புதல் வேண்டும், செலவில் பங்கு வேண்டும். நிலத்துக்குள் எதிர்பாராத இடையூறுகளும் வந்தன. கடைசியில் மிகச் சிறு பகுதியில் மட்டுமே அது நிறைவேறியது. அந்தத் தெரு அதில் சேர்ந்ததா என்று நகராட்சியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டைப் பற்றியும் தெளிவாகச் சொல்கிறேன். ஜப்பானின் நிலநடுக்கக் காப்பீடு மண் கூழாகி மர வீடு சாய்ந்தாலும் தாழ்ந்தாலும் பொருந்தும்: சாய்வு 1 பாகையைத் தாண்டினாலோ, தாழ்வு 30 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ முழு இழப்பு என்று கொள்வார்கள். ஆனால் தீக் காப்பீட்டுத் தொகையில் பாதி வரைதான் எடுக்க இயலும். மனைக்கு எதுவும் கிடைக்காது. இடிந்து விழாத வீட்டை மீண்டும் நேராக்கும் செலவுக்கு அது பெரும்பாலும் உதவும். அதனால் காப்பீடு அவசியம், ஆனால் அதை மண்ணைச் சரிசெய்ததற்கு ஈடாகக் கருதக் கூடாது. சாய்ந்ததற்கு விற்றவர்களைப் பொறுப்பாக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். உராயாசுவில் மர வீடுகளின் உரிமையாளர்கள் தொடுத்த ஒரு வழக்கில், கட்டிய காலத்தில் அத்தகைய சேதத்தை எதிர்பார்த்திருக்க இயலாது என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2014இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

என் முடிவைக் கேட்டால், இந்த விலைக்கு இந்த வீட்டை நான் வாங்க மாட்டேன். வீட்டை இடித்துவிட்டு, மண்ணை இறுக்கிய பின் புதிதாகக் கட்டும் எண்ணம் இருந்து, அந்தச் செலவை விலையிலிருந்து குறைக்க விற்பவர் இசைந்தால் அது வேறு கணக்கு. அப்படிச் செய்து நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். மோத்தோமாச்சியிலோ, நிரப்பும்போதே மண்ணை இறுக்கியதற்கு ஆவணம் உள்ள தொகுதியிலோ தேடுவதும் நல்லது.

அப்படியும் இந்த வீட்டை இன்னொரு முறை பார்க்கப் போவதாக இருந்தால், லேசர் மட்டமானி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கீழ்த்தளத்தில் 3 மீட்டர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளைத் தேர்ந்து, தரையின் உயர வேறுபாட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பாருங்கள். ஆயிரத்தில் ஆறு, அதாவது 3 மீட்டருக்கு 18 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால், கட்டமைப்பில் குறைபாடு இருக்க வாய்ப்பு மிகுதி என்பது இங்குள்ள வழிகாட்டு அளவு. நேராக்கிய வீடு இப்போது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அளந்த எண்களை இங்கே எழுதுங்கள். போரிங் அறிக்கையோடு சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.